போல் சா வாங்கப்போகிறீர்களா? பெட்ரோல், பேட்டரி குழப்பத்துக்கு ஓர் எளிய விளக்கம்

காபித் தோட்டத்து நிழல் மரங்களின் கிளை கழிக்கும் காலம் நெருங்கினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று கீழ்ப்பழனி மலையில் எந்த ஊர் டீக்கடையில் நின்றாலும், போல் சா (தரையில் நின்றே கிளை அறுக்க, நீளமான கழியின் நுனியில் சின்னச் செயின் ரம்பம் வைத்த மெஷின்) பற்றிய இந்த வாக்குவாதம் காதில் விழும். "பேட்டரி மிசினெல்லாம் வெளாட்டுச் சாமான்ணே, பெட்ரோலுதான் இழுக்கும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப 40 வோல்ட் வந்துருச்சு, பெட்ரோலுக்குச் சமம்" என்பார் இன்னொருவர். நடுவில் மெஷின் விற்கிறவர் யாராவது மாட்டினால், அவர் கடையில் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று பேச்சு முடிந்துவிடும்.

மரம் ஏற ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால் இரண்டு ஏக்கர் காபி வைத்திருப்பவர்கூட இப்போது போல் சா பற்றி விசாரிக்கிறார். விசாரிக்கட்டும். ஆனால் பேச்சு முழுக்க 'பவர்' என்ற ஒன்றையே சுற்றுகிறது. என்னைக் கேட்டால் பவர் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மெஷினின் எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது முதல் கேள்வி, ஒரு நாளில் செயின் நிஜமாகவே மரத்துக்குள் ஓடும் நேரம் எவ்வளவு என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பெட்ரோலா பேட்டரியா என்ற சண்டை பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும்.

போல் சா எதற்கு, எதற்கு இல்லை

துரட்டி எல்லாருக்கும் தெரியும். நீளமான மூங்கில், நுனியில் வளைந்த கத்தி. முருங்கை பறிப்போம், ஆட்டுக்குக் குழை ஒடிப்போம். போல் சா அதே வேலைக்கான மெஷின். கழியின் நுனியில் கத்திக்குப் பதிலாக ஒரு சின்னச் செயின் சா இருக்கும். செயின் சுற்றி ஓடும் தட்டையான இரும்புப் பட்டைக்கு 'பார்' என்று பெயர். போல் சாவில் இது பெரும்பாலும் 8 முதல் 12 அங்குலம். அதை வைத்துக்கொண்டு மணிக்கட்டு கனம், முழங்கை கனம் உள்ள கிளைகளைத் தாராளமாகக் கழிக்கலாம், தொடை கனமுள்ள கிளையையும் முக்கி முக்கி அறுத்துவிடலாம்தான், ஆனால் அவ்வளவு கனமான கட்டை தலைக்கு மேலேயிருந்து எந்தப் பக்கம் விழும் என்று கீழே நிற்பவர் கையில் இல்லை.

அட்டைப்பெட்டியில் "15 அடி எட்டும்" என்று போட்டிருந்தால் கழி 15 அடி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் உயரத்தையும் தூக்கிய கையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நீட்டிச் சுருக்கும் நல்ல மாடல்களில் மெஷினின் முழு நீளமே 4 மீட்டருக்குள்தான் வரும், தரையில் நின்று 5 மீட்டர் உயரம்வரை அறுக்கலாம். நம் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் அதைப்போலப் பல மடங்கு உயரம் போகும். மேல் கிளைகளுக்கு இன்றைக்கும் மரம் ஏறுகிறவர்தான் வேண்டும். போல் சா வாங்கிவிட்டால் ஆளே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் சில்வர் ஓக்கை அண்ணாந்து பார்த்ததில்லை. கல்யாண முருங்கை, பலாவின் கீழ்க்கிளைகள், பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு, வேலியோர மரங்கள், இவைதான் இதற்கான வேலை.

இன்னொன்று. கிளை கழிப்பது வேறு, மரத்தையே வெட்டிச் சாய்ப்பது வேறு. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கென்றே 1955-இல் தனிச் சட்டம் வந்து, இன்றும் அதன்படி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. சொந்தப் பட்டாதானே என்று இறங்கிவிட வேண்டாம்.

எடை எவ்வளவு என்பதைவிட, எடை எங்கே

வீட்டில் துரட்டி இருந்தால் அதன் நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிச் சாய்வாகத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் அதே பாட்டிலை அவிழ்த்து அடிப்பக்கம், பின்னால் பிடிக்கும் கைக்கு (பின்கைக்கு) அருகில் கட்டித் தூக்குங்கள். கழி அதேதான், பாட்டிலும் அதேதான். முதல் முறை தோள் கெஞ்சும், இரண்டாவது முறை அப்படி ஒரு எடை இருப்பதே தெரியாது.

காரணம், கழியை முன்னால் தாங்கிப் பிடிக்கும் உங்கள் கை, அதாவது முன்கைதான் அங்கே ஊன்றுபுள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். முன்கையிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒன்றரை கிலோ இருந்தால் 2 × 1.5 = 3. முன்கைக்குப் பின்னால் அரை மீட்டரில் 5 கிலோ இருந்தால் 0.5 × 5 = 2.5, அதுவும் எதிர்ப்பக்கமாக. இரண்டும் ஏறக்குறைய சமன் ஆகிவிடுவதால் கழி தராசுபோல் நிற்கும். பின்னால் எதுவுமே இல்லாவிட்டால் அந்த 3-ஐயும் உங்கள் பின்கை கழியைக் கீழே அமுக்கி அமுக்கி ஈடுகட்ட வேண்டும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். பெட்ரோல் போல் சாவில் எஞ்சின் எப்போதும் அடிப்பக்கம்தான் இருக்கும். அங்கிருந்து குழாய்க்குள் ஒரு நீண்ட தண்டு சுழன்று நுனியில் இருக்கும் கியர் பெட்டிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிறது. நுனியில் கியர், பார், செயின் மட்டும். மொத்த எடை 6, 7, 8 கிலோ என்று போனாலும், தோள்பட்டையில் பெல்ட் மாட்டிக்கொண்டால் அது சமனாக நிற்கும். மலிவான பேட்டரி மாடல்கள் பலவற்றில் மோட்டாரே நுனியில் இருக்கும், பேட்டரி மட்டும் அடியில். மொத்த எடை 4 கிலோதான் என்று பெட்டி பெருமையடிக்கும். ஆனால் கழியை முழுக்க நீட்டியதும் நுனிக் கனம் உங்களை ஒரு மணி நேரத்தில் உட்காரவைத்துவிடும். விலை கூடிய பேட்டரி மாடல்களில் மோட்டாரையும் அடிப்பக்கம் வைத்துத் தண்டு போட்டுச் செய்கிறார்கள், அவை எடை குறைவாகவும் சமனாகவும் இருக்கும்.

பேட்டரி என்றால் லேசு, பெட்ரோல் என்றால் பாரம் என்பது இதனால்தான் பாதி உண்மை. நம் நிலம் சமதளம் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்கும்போது மொத்த எடை கணக்கில் வரும், நின்று அறுக்கும்போது எடை இருக்கும் இடம் கணக்கில் வரும். நாளெல்லாம் இரண்டுமே நடக்கிறது.

பெட்ரோல் மெஷினுக்குள் என்ன நடக்கிறது

பெரும்பாலான பெட்ரோல் போல் சாக்களில் இருப்பது 25 முதல் 31 சிசி வரையுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சிசி என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் அறையின் கொள்ளளவு. டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒரு வெடிப்பு. இதில் தனியாக எஞ்சின் ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். அதனால்தான் மெஷினை எப்படிச் சாய்த்தாலும் ஓடுகிறது. கலவை 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று கையேட்டில் இருக்கும். ஆயில் கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் சீஸ் ஆகி (இறுகி) நின்றுவிடும், கூடக் கலந்தால் புகையும். கண்ணளவில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது செயின் சுற்றாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி வேகம் ஏறியதும் உள்ளே இருக்கும் கிளட்ச் விரிந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது, அப்போதுதான் செயின் ஓடும். இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களுக்குத் தாழ்ந்த வேகத்தில் பலம் கிடையாது, முழு வேகத்தில்தான் வேலை செய்யும். அதனால்தான் தோட்டம் முழுக்க அந்த அலறல்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி இங்கேதான் வருகிறது. உயரம் ஏற ஏற காற்று மெலிகிறது. 1,500 மீட்டரில் அது கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் மெலிந்திருக்கும், கொடைக்கானல் ஊர் இருக்கும் 2,100 மீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று குறைந்தால் எரிய ஆக்ஸிஜன் குறைவு, எஞ்சின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். அதாவது பெட்டியில் எழுதியிருக்கும் பவர் வத்தலக்குண்டில் கிடைப்பதுபோல் கொடைக்கானலில் கிடைக்காது.

அத்தோடு முடியவில்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம் கார்புரேட்டர். அது கீழே சமவெளிக் கடையில் சரிசெய்யப்பட்டிருக்கும். மேலே வந்ததும் காற்று குறைந்துவிட்டது, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையவில்லை, கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடுகிறது. கறுப்பாகப் புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி, கிளையில் வைத்ததும் திணறல். "புது மிசின், மூணே நாள்ல மக்கர் பண்ணுது" என்ற புலம்பல் பலவற்றுக்குக் காரணம் இதுதான், மெஷினில் கோளாறே இருக்காது. மெக்கானிக்கிடம் கொடுத்து மலை உயரத்துக்கு ஏற்ப ஸ்க்ரூவைத் திருப்பிவைக்கச் சொன்னால் சரியாகிவிடும். ஆனால் அப்படிச் சரிசெய்த மெஷினைக் கீழே தென்னந்தோப்பு வேலைக்கு யாருக்காவது இரவல் கொடுத்தால், அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் போகும். மேலே கீழே போகிற மெஷினுக்கு இரண்டு இடத்திலும் சரிபார்க்க வேண்டும். இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் எஞ்சின்களும் விலை கூடிய மாடல்களில் வந்துவிட்டன.

பெட்ரோலே மாறிவிட்டது என்பது அடுத்த தலைவலி. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. பல சின்ன எஞ்சின்களின் கையேடு 10 சதவீதம்வரைதான் ஒப்புக்கொள்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் மலை மூடுபனிக்குக் கேட்கவே வேண்டாம். நாள்பட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர் தகடுகளையும் அரிக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, உள்ளே மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைத்துவையுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் பாதி பெட்ரோல் மெஷின்கள் அடுத்த சீசனில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தும் ஸ்டார்ட் ஆவதில்லை.

சுருக்கிச் சொன்னால், பெட்ரோல் மெஷினின் பலம் நீங்கள் நிற்கும் உயரத்தையும், கலவையையும், எடுத்துவைக்கும் முறையையும் பொறுத்தது. பராமரிக்கத் தெரிந்தவர் கையில் அது வருஷக்கணக்கில் உழைக்கும். தெரியாதவர் கையில் மூலையில் கிடக்கும்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது

பேட்டரியில் இரண்டு எண்கள் இருக்கும், வோல்ட் ஒன்று, ஆம்பியர் ஹவர் இன்னொன்று. கடைகளில் வோல்ட்டை மட்டும் சொல்லி விற்கிறார்கள். அது தனியாக எதையும் சொல்லாது. இரண்டையும் பெருக்குங்கள். வருவது வாட் ஹவர், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு. 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 90 வாட் ஹவர். 36 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 180. அதே 36 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஹவர் பேட்டரியைத் தலையில் கட்டினால் அது 18 வோல்ட்காரர் வைத்திருக்கும் அதே 90-தான்.

இன்னொரு கண்கட்டு வித்தையையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வோல்ட் என்பதும் '20 வோல்ட் மேக்ஸ்' என்பதும் ஒரே பேட்டரிதான். 36-ம் 40-ம் அப்படியே. முழு சார்ஜில் இருக்கும் எண்ணைப் பெட்டியில் போட்டால் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மோட்டாருக்கு வருவோம். மின்மோட்டாருக்கு ஒரு நல்ல குணம், நின்ற நிலையிலிருந்தே முழுத் திருகுபலம் கிடைக்கும். எஞ்சின்போல வேகம் ஏறக் காத்திருக்க வேண்டாம், பட்டனை அழுத்தியதும் செயின் ஓடும், விட்டதும் நிற்கும். உயரம் அதை ஒன்றும் செய்யாது, தாண்டிக்குடியிலும் கொடைக்கானலிலும் அதே பலம்தான். நல்ல மாடல்களில் பிரஷ்லெஸ் மோட்டார் இருக்கும். பழைய மோட்டார்களில் உரசி உரசித் தேயும் கார்பன் துண்டு இதில் கிடையாது என்பதால் சூடு குறைவு, ஆயுள் கூடுதல். வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும்.

பேட்டரி மெஷினில் ஜனங்கள் எரிச்சல்படும் விஷயம், பாதி அறுப்பில் அது சட்டென்று நின்றுவிடுவது. செயின் கிளையில் சிக்கி மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை அதை நிறுத்திவிடுகிறது. மோட்டாரும் பேட்டரியும் கருகாமல் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. நிறுத்தி, பாரை வெளியே எடுத்து, மறுபடி அழுத்தினால் ஓடும். அமுக்கி அறுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். செயின் தன் எடையிலேயே இறங்க விட்டால் நடக்காது.

ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு பேட்டரியும்

பேட்டரி பொம்மை என்று சொல்பவர் பக்கம் இருக்கும் நியாயத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9,000 வாட் ஹவர். சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடிக்கும், ஆறில் ஒரு பங்கு செயினுக்குப் போனால் பெரிது. அப்படியும் 1,500 வாட் ஹவர். 180 வாட் ஹவர் பேட்டரி, மோட்டார் இழப்பு போக, 150 அளவுக்குத்தான் செயினுக்குத் தரும். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகப் பத்து பேட்டரி. நாள் முழுக்க அறுக்கும் காண்ட்ராக்ட் குழு ஏன் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பதற்கு இதுதான் விடை. காலியானால் ஒரு நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆனால் உங்கள் தோட்டத்தில் நடப்பதைக் கவனியுங்கள். மரத்தைச் சுற்றி வருகிறீர்கள், எந்தக் கிளை என்று அண்ணாந்து யோசிக்கிறீர்கள், மிளகுக் கொடியில் படாமல் பாரை நுழைக்கிறீர்கள், அறுக்கிறீர்கள், விழுந்ததை காபிச் செடி மேலிருந்து இழுத்துப் போடுகிறீர்கள், அடுத்த மரத்துக்கு நடக்கிறீர்கள். இதில் செயின் ஓடியது ஒரு கிளைக்குப் பத்து விநாடி. மீதி நேரம் பெட்ரோல் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு எரிபொருள் குடிக்கும், பேட்டரி மெஷின் எதுவும் குடிக்காது. அறுக்கும்போது 540 வாட் இழுக்கும் மெஷினில் 90 வாட் ஹவர் பேட்டரி போட்டால் பத்து நிமிஷம் தொடர்ந்து ஓடும். பத்து நிமிஷம்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம், கிளைக்குப் பத்து விநாடி வீதம் அது அறுபது கிளை. இரண்டு பேட்டரி இருந்தால் சாதாரண ஆள் கை ஓயும்வரை வேலை இருக்கும்.

பவர் என்பது அறுக்கும் வேகம், ஆற்றல் என்பது எவ்வளவு நேரம் அறுக்கலாம் என்பது. டீக்கடை வாக்குவாதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. நல்ல 36 வோல்ட் பேட்டரி மெஷினுக்கும் 25 சிசி எஞ்சினுக்கும் மலை உயரத்தில் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. நேரத்தில்தான் இருக்கும்.

குற்றவாளி பெரும்பாலும் செயின்தான்

இது தலைப்பில் இல்லாத விஷயம், ஆனால் சொல்லாமல் போனால் மேலே எழுதியது எல்லாம் வீண். "மெஷின் இழுக்கலை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை செயின் மழுங்கியதால் வருபவை. அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள். சின்னச் சின்னச் செதில்களாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவுபோல் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினைப் பெட்ரோல் மெஷின் அலறிக்கொண்டாவது ஓட்டிவிடும், அதனால் தெரியாது. பேட்டரி மெஷின் நின்று நின்று காட்டிக்கொடுத்துவிடும், சார்ஜும் மளமளவென்று இறங்கும், பழி பேட்டரி மேல் விழும்.

தரையில் கிடக்கும் கிளையை அப்படியே வைத்து அறுத்தால் செயின் மண்ணைத் தொட்ட கணமே கூர் போய்விடும். பலா கழித்த அன்று செயினில் பால் ஒட்டி இறுகிக்கொள்ளும், அன்றைக்கே துடைக்க வேண்டும். பாருக்கும் செயினுக்கும் இடையே உராய்வைக் குறைக்க ஒரு குட்டி ஆயில் தொட்டி நுனியில் இருக்கும். பேட்டரி மெஷினுக்கு ஆயிலே வேண்டாம் என்று நினைத்து இதை வறண்டுபோக விடுகிறவர்கள் உண்டு. பெட்ரோலோ பேட்டரியோ, செயின் ஆயில் இரண்டுக்கும் வேண்டும். வட்ட அரத்தால் தீட்டக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

குளிர், மழை, கரண்ட், காட்டு மாடு

லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. கடும் குளிரில் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். தாண்டிக்குடி உயரத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை. மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை பக்கம் மார்கழி, தை உறைபனியில் பேட்டரியைத் தகர ஷெட்டில் விட்டுவிட்டு வராமல், வீட்டுக்குள் எடுத்துவந்து காலையில் சார்ஜ் போடுவது நல்லது. மழையைப் பொறுத்தவரை, எல்லா பேட்டரி மெஷினும் சாரல் தாங்காது, கையேட்டைப் பாருங்கள். பெட்ரோல் மெஷின் தூறலில் ஓடும்தான், ஆனால் வழுக்கும் சரிவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது எந்த மெஷினோடும் நல்லதில்லை.

கரண்ட் விஷயம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஷெட்டில் இணைப்பே இல்லை, அல்லது லோ வோல்டேஜ் என்றால் பேட்டரியை வீட்டில் ஏற்றித் தூக்கிப்போக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது போல, பாதை அடைத்து மின்சாரமும் போன நாட்களில் கையில் பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவர்தான் ராஜா. பேட்டரி சார்ஜ் ஏற்றப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஓட்டுகிற காட்சியையும் நம் ஊரில் பார்க்கலாம்.

சத்தத்தை ஒரு சௌகரியக் குறைவாக மட்டுமே பேசுகிறார்கள். காது கவசம் போடாமல் பெட்ரோல் மெஷினோடு நாள் கழித்தால் காது கேட்பது குறையும், அது ஒரு பக்கம். நம் தோட்டங்களில் காட்டு மாடு சர்வசாதாரணமாக வந்து நிற்கும். எஞ்சின் அலறலில், அதுவும் காது கவசத்தோடு, பின்னால் புதரில் எது அசைகிறது என்று தெரியாது. மேல் கிளையில் கதண்டு (பெரிய குளவி) கூடு இருந்து கலைந்தாலும் அந்த ரீங்காரம் கேட்காது. பேட்டரி மெஷினில் பட்டனை விட்டதும் அமைதி, கூப்பிட்டால் கேட்கும். காட்டோரத் தோட்டக்காரருக்கு இந்த ஒரு காரணமே பேட்டரி பக்கம் சாயப் போதும் என்பது என் எண்ணம். பெட்ரோல்தான் வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆளை நிறுத்துங்கள்.

அப்படியானால் யாருக்கு எது

ஒன்றிரண்டு ஏக்கர், வீட்டைச் சுற்றிப் பழ மரங்கள், வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் வேலை, மணிக்கட்டு கனக் கிளைகள்: பேட்டரி. யோசிக்கவே வேண்டாம். எஞ்சின் ஒன்றை வருஷத்தில் பதினோரு மாதம் சும்மா வைத்துப் பாழாக்குவதைவிட இது மேல். அதே பிராண்டில் ஏற்கெனவே டிரில்லோ மருந்தடிக்கும் பம்ப்போ வைத்திருந்தால் அந்த பேட்டரியே பொருந்துமா என்று பாருங்கள், பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினை வாங்கினால் செலவு நிறையக் குறையும். ஒரு பிராண்ட் பேட்டரி இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதால் முதல் பேட்டரி எதுவோ அதற்குத்தான் காலமெல்லாம் வாழ்க்கைப்பட வேண்டியிருக்கும்.

பத்து, இருபது ஏக்கர், வாரக்கணக்கில் தினமும் கழிப்பு, ஷெட்டில் கரண்ட் இல்லை, கூலிக்கு மற்ற தோட்டங்களுக்கும் போகிறீர்கள்: பெட்ரோல். அடிப்பக்க எஞ்சின், தோள் பெல்ட், மலைக்குச் சரிசெய்த கார்புரேட்டர்.

நடுவில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, கடைக்காரர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பலரிடம் களை வெட்டும் பிரஷ் கட்டர் இருக்கும். அதன் குழாய் இரண்டாகக் கழற்றும்படி இருந்தால் முன்பாதியை எடுத்துவிட்டுப் போல் சா முனையைப் பொருத்திக்கொள்ளலாம். குழாயின் விட்டம் 26 மில்லிமீட்டரா 28-ஆ, உள்தண்டின் பற்கள் 7-ஆ 9-ஆ என்று எண்ணிக்கொண்டு போங்கள். இவை பொருந்தாவிட்டால் எந்த அடாப்டர் கதையையும் நம்ப வேண்டாம்.

எந்த மெஷினானாலும் மாறாத ஆபத்து

கழி அலுமினியம் என்றால் மின்சாரம் கடத்தும். கார்பன் ஃபைபரும் கடத்தும். பேட்டரி மெஷின் பிளாஸ்டிக் உடம்போடு இருப்பதால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது, அது உயிரை எடுக்கும் நம்பிக்கை. மின்கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். தோட்டத்துக்குள் கம்பி போகிற இடங்களில் அது நடக்காத காரியம், அங்கே மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டுத்தான் கழிக்க வேண்டும். ஈரக்கிளை கம்பியைத் தொட்டாலே போதும், கழி தொட வேண்டும் என்பதில்லை.

அறுக்கும் கிளைக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கழி தரையோடு 60 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் கிளை கழியைப் பிடித்தபடியே உங்கள் மேல் சறுக்கி வரும். சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள், இரண்டடி உயரமும் கூடுதலாகக் கிடைக்கும், விழுந்து உருளும் கட்டையும் உங்களைத் தேடி வராது. கனமான கிளை என்றால் முதலில் அடியிலிருந்து கொஞ்சம், அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து முழுக்க, கடைசியில் மிச்சக் குச்சியை மரத்தின் கழுத்தை ஒட்டி. ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் பட்டை நெடுகக் கிழிந்து இறங்கும், அந்தப் புண் வழியே பூஞ்சணம் ஏறும். தலைக்கவசமும் கண்ணாடியும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடையில் நிற்கும்போது

கழியை முழுக்க நீட்டச் சொல்லி, பேட்டரியோ நிறைந்த டேங்கோ மாட்டிய நிலையில், சாய்வாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். விலை பேசி முடிவதற்குள் கை நடுங்க ஆரம்பித்தால் அந்த மெஷின் உங்களுக்கு இல்லை, வோல்ட்டும் சிசியும் எவ்வளவானாலும் சரி. பேட்டரியில் வாட் ஹவர் எவ்வளவு, மோட்டார் நுனியிலா அடியிலா, பிரஷ்லெஸ்ஸா என்று கேளுங்கள். பெட்ரோலில் கலவை விகிதம், எத்தனால் எத்தனை சதவீதம்வரை தாங்கும், மலைக்குக் கார்புரேட்டர் சரிசெய்து தருவார்களா என்று கேளுங்கள். அப்புறம் அந்த பாருக்குப் பொருந்தும் மாற்றுச் செயின் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ கிடைக்குமா என்று விசாரியுங்கள், கிடைக்கும் என்று சொன்னால் ஒன்றை அப்போதே எடுத்துக் காட்டச் சொல்லி வாங்கிவிடுங்கள்.